ஆப்டிகலில் பாடுகிறது, ஐ2எஸ் கொடுத்தால் டர்ர்ர்: டிஏசி எவாலுவேஷன் போர்டுக்கு ராஸ்பெரி பையை இணைப்பது எப்படி?

கம்பிக்காரன்

வணக்கம் நண்பர்களே. கையில் பிசிஎம்1794ஏ என்ற டிஏசி சிப் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்குவது) போட்ட எவாலுவேஷன் போர்டு, அதாவது சிப்பைச் சோதித்துப் பார்க்கும் போர்டு, ஒன்று இருக்கிறது. ஆப்டிகல், கோஆக்ஸ் இரண்டு உள்ளீடும் உண்டு, உள்ளே அவற்றில் வரும் எஸ்பிடிஃப் டிஜிட்டல் ஒலியை வாங்கிப் பிரிக்கும் ஒரு ரிசீவர் சிப், அதைத் தாண்டி வெளியிலிருந்து நேரடியாக ஐ2எஸ் (சிப்புக்குச் சிப் டிஜிட்டல் ஒலி அனுப்பும் முறை) கொடுக்க 10 பின் ஹெடர். லேப்டாப்பிலிருந்து ஆப்டிகல் கொடுத்தால் போர்டு அருமையாகப் பாடுகிறது, அதனால் டிஏசி, அனலாக் பகுதி, பவர் சப்ளை எதிலும் பழுதில்லை.

ஆனால் எனக்கு வேண்டியது ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலிருந்து நேராக ஐ2எஸ். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரிக்கும் கிராஸ்ஓவர் ஃபில்டர் ப்ரோகிராம் அதில்தான் ஓடுகிறது. பையின் 12-ஆம் பின் பிட் கிளாக் (பிட்டுக்கு ஒரு துடிப்பு), 35 எல்ஆர் கிளாக் (இடதா வலதா என்று காட்டுவது, சாம்பிளுக்கு ஒரு சுற்று), 40 டேட்டா, ஒரு கிரவுண்ட், இவ்வளவுதான் இணைத்தேன். சத்தமே இல்லை. ஹெடரில் மாஸ்டர் கிளாக் என்று இன்னொரு பின் இருக்கிறது, பையின் ஐ2எஸ் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. சரி என்று 12.288 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் மாட்யூல் ஒன்றை அந்தப் பின்னில் கொடுத்தேன். இப்போது பாட்டு வருகிறது, கூடவே டர்ர்ர் என்று ஒரு இரைச்சலும் வருகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு என்றால் அதுவும் இல்லை, முழு அமைதி. எங்கே கோளாறு?

ஓம்விதி

முதலில் ஜம்பர்களை, அதாவது பின்களை இணைக்கும் சிறு தொப்பிகளை, பாருங்கள். இந்த மாதிரி போர்டில் ரிசீவர் சிப்பின் வெளியீடும் வெளி ஹெடரும் ஒரே லைன்களில்தான் போய்ச் சேரும், நடுவில் ஜம்பரோ ஸ்விட்சோ வைத்து எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விட்டிருப்பார்கள். போர்டு வரும்போது எல்லாம் ரிசீவர் பக்கம்தான் இருக்கும். அதை மாற்றாமல் ஹெடரில் கொடுத்தால் இரண்டு சிப் ஒரே கம்பியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், ஒன்று 3.3 வோல்ட்டுக்கு, மற்றது பூஜ்யத்துக்கு. நடுவில் கிடைப்பது ஏதோ ஒரு அரைகுறை வோல்டேஜ். ஆப்டிகல் கேபிளைக் கழற்றிவிட்டேனே என்று நினைக்க வேண்டாம், உள்ளீடு இல்லாவிட்டாலும் ரிசீவர் தன் வெளியீட்டுக் கால்களைச் சும்மா விடாது.

மாஸ்டர் கிளாக் ஜம்பர் மற்ற மூன்றோடு சேர்ந்து இருக்காது, பெரும்பாலும் வேறொரு மூலையில் இருக்கும். ஸ்கீமேட்டிக்கைத் திறந்து அந்தக் கம்பியைக் கடைசிவரை தொடர்ந்து பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. போர்டுக்குப் பவர் கொடுக்காமல் பையை மட்டும் ஆன் செய்து வைக்காதீர்கள். சிக்னல் பின் வழியாக உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடுகள் மூலம் மின்சாரம் ஏறி போர்டு அரை உயிரில் கிடக்கும். அதற்கு மேல் பவர் கொடுத்தால் சில சிப்கள் ரீசெட் ஆகாமல் முழிக்கும். முதலில் போர்டு, பிறகு சோர்ஸ், அணைக்கும்போது தலைகீழ்.

கம்பிக்காரன்

நீங்கள் சொன்னதுதான். மூன்று ஜம்பர் வெளி பக்கம் இருக்கிறது, மாஸ்டர் கிளாக்குக்கு உள்ளது மட்டும் ரிசீவருக்குப் பக்கத்திலேயே தனியாக இருந்தது. மாற்றினேன். டர்ர்ர் போய்விட்டது. இப்போது பாட்டு நன்றாகவே கேட்கிறது, ஆனால் டிக் டிக் டிக் என்று சீரான சத்தம், நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பாட்டை நிறுத்தினால் டிக்கும் நின்றுவிடுகிறது, சைன் அலை கொடுத்தால் தெளிவாகத் தெரிகிறது. 44.1 இன்னும் ஊமைதான்.

நாலாவது கால்

இந்த டிக் தான் விஷயமே. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐ2எஸ் என்று ஃபிலிப்ஸ் 1986-இல் வெளியிட்ட வரையறையில் மூன்று கம்பிதான்: பிட் கிளாக், வேர்ட் செலக்ட் (நாம் எல்ஆர் கிளாக் என்பது), டேட்டா. மாஸ்டர் கிளாக் அதில் இல்லவே இல்லை, அதனால்தான் பையில் அந்தப் பின் கிடையாது. ஆனால் டிஏசி சிப்புக்குள் இருக்கும் ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டரும் மாடுலேட்டரும் ஓட வேகமான கிளாக் வேண்டும், சாம்பிள் வேகத்தைப் போல 256 மடங்கு, 384 மடங்கு இப்படி. 48 கிலோஹெர்ட்ஸுக்கு 256 மடங்கு என்றால் 12.288 மெகாஹெர்ட்ஸ். 44.1-க்கு 11.2896. உங்களிடம் இருப்பது 12.288 மட்டும், 44.1-க்கு அது எந்த முழு மடங்கிலும் உட்காராது, சிப் வாயை மூடிக்கொண்டது சரிதான்.

இப்போது 48-க்கு வருவோம். மாஸ்டர் கிளாக்கும் எல்ஆர் கிளாக்கும் ஒரே தாய்க் கடிகாரத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும். ஃபேஸ் எப்படி இருந்தாலும் கவலையில்லை, ஆனால் ஒரு எல்ஆர் சுற்றுக்கு மாஸ்டர் கிளாக் 256, எப்போதும் 256, இது மாறக்கூடாது. உங்களிடம் மாஸ்டர் கிளாக் ஒரு கிரிஸ்டலில் இருந்து வருகிறது, பையின் எல்ஆர் கிளாக் பையின் கிரிஸ்டலில் இருந்து. இரண்டும் பெயரளவில் 48 கிலோஹெர்ட்ஸ் குடும்பம்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இந்த வகை சிப்பில் எல்ஆர் கிளாக்குக்கும் மாஸ்டர் கிளாக்குக்கும் உள்ள உறவு பிட் கிளாக்கின் 6 சுற்றுக்கு மேல் நகர்ந்தால் சிப் தன்னைத் தானே மறுபடி ஒத்திசைத்துக்கொள்ளும், அந்த நேரம் வெளியீட்டை நடுநிலைக்குக் கொண்டுபோய்விடும். அதுதான் உங்கள் டிக்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிட் கிளாக் சாம்பிள் வேகத்தைப் போல 64 மடங்கு என்றால் அதன் 6 சுற்று என்பது மாஸ்டர் கிளாக்கின் 24 சுற்று. நொடிக்கு 12 டிக் என்றால் நொடிக்கு 288 சுற்று வித்தியாசம். 12.288 மெகாஹெர்ட்ஸில் 288 ஹெர்ட்ஸ் என்பது சுமார் 23 பிபிஎம் (பத்து லட்சத்தில் 23 பங்கு). இரண்டு சாதாரண கிரிஸ்டல்களுக்கு இடையே இது ரொம்ப இயல்பான வித்தியாசம். மாட்யூல் மேல் விரலை வைத்துச் சூடாக்கினால் டிக் வேகம் லேசாக மாறும், சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள்.

ஒலிப்பித்தன்

அப்படியென்றால் மலிவான ஆஸிலேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்தால் மாறாதபடி ஈடுசெய்த ஆஸிலேட்டர்) ஒன்று வாங்கிப் போட வேண்டியதுதானே? 1 பிபிஎம்முக்குள் துல்லியமானது கிடைக்கிறது, ஜிட்டரும் (கிளாக் விளிம்பின் நடுக்கம்) குறையும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நாலாவது கால்

மாங்காய் ஒன்றும் விழாது. வித்தியாசம் 1 பிபிஎம் என்றால் நொடிக்கு 12 சுற்று நகரும், 24 சுற்றுக்கு இரண்டு நொடி. நொடிக்குப் பன்னிரண்டு டிக் என்பது இரண்டு நொடிக்கு ஒரு டிக் ஆகும், அவ்வளவுதான். அதுவும் பையின் பக்கமும் அதே துல்லியம் இருந்தால், அது இல்லை. தனித்தனிக் கடிகாரம் என்றால் எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒருநாள் நகரத்தான் செய்யும்.

ஒலிப்பித்தன்

சரி, அந்தக் கணக்கு புரிகிறது. அப்படியானால் போர்டில் ஏற்கனவே ரிசீவர் சிப் மாஸ்டர் கிளாக் தயாரிக்கிறதே, லேப்டாப் ஆப்டிகலை மாட்டி வைத்து மாஸ்டர் கிளாக்கை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

ஓம்விதி

லேப்டாப்பின் கடிகாரமும் பையின் கடிகாரமும் மட்டும் உறவா? அதே கதைதான், கடிகாரத்தின் சொந்தக்காரர் மாறுகிறார், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல வழி ஒளிந்திருக்கிறது. பைக்கு எஸ்பிடிஃப் வெளியீடு தரும் சிறு அட்டைகள் கிடைக்கின்றன. அதை மாட்டி ஆப்டிகலிலோ கோஆக்ஸிலோ போர்டுக்குக் கொடுத்தால் ரிசீவர் அந்த சிக்னலிலிருந்தே மூன்று கிளாக்கையும் டேட்டாவையும் மீட்டெடுத்துவிடும், எல்லாம் ஒரே குடும்பம், பிரச்சினையே எழாது. கம்பிக்காரன் சார் ஏன் அதைத் தவிர்க்கிறார் என்று தெரிந்தால் நல்லது.

கம்பிக்காரன்

அட்டை பற்றித் தெரியும். ஆனால் அடுத்து இதே பையில் இரண்டு டிஏசி போர்டு ஓட்ட வேண்டும், வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று. இரண்டும் ஒரே கிளாக்கில் ஓடினால்தான் கிராஸ்ஓவரில் ஃபேஸ் நகராமல் இருக்கும். அதனால் கிளாக் என் கையில் இருக்க வேண்டும்.

நாலாவது கால்

அப்படியென்றால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். கடிகாரத்தை டிஏசி பக்கம் வைத்து, பையை அடிமையாக ஓட்டுங்கள். பையின் ஐ2எஸ் இதற்கு ஒத்துக்கொள்ளும், பிட் கிளாக்கும் எல்ஆர் கிளாக்கும் வெளியிலிருந்து வந்தால் அந்தத் தாளத்துக்கு டேட்டாவை மட்டும் அனுப்பும். ஒலித் தரத்துக்கும் இதுதான் நல்லது. பை தன் கிளாக்கைத் தானே தயாரிக்கும்போது பிட் கிளாக்குக்கு வேண்டிய 3.072 மெகாஹெர்ட்ஸுக்கு முழு எண்ணால் வகுபடாத ஒரு வேகத்திலிருந்து பின்ன வகுத்தலில் எடுக்கிறது, சராசரி சரியாக வரும், ஒவ்வொரு சுற்றும் ஒரே நீளம் இருக்காது.

செய்ய வேண்டியது எளிது. உங்கள் 12.288 ஆஸிலேட்டர் நேராக மாஸ்டர் கிளாக் பின்னுக்கு. அதே சிக்னல் ஒரு 74எச்சி4040 கவுண்டருக்கும் (ஒவ்வொரு கட்டமும் வேகத்தைப் பாதியாக்கும் சிப்). கவுண்டரின் இரண்டாம் கட்டம் நாலால் வகுத்த 3.072 மெகாஹெர்ட்ஸ், அது பிட் கிளாக். எட்டாம் கட்டம் 256-ஆல் வகுத்த 48 கிலோஹெர்ட்ஸ், அது எல்ஆர் கிளாக். இரண்டையும் போர்டுக்கும் பைக்கும் கொடுங்கள், பையிலிருந்து போர்டுக்கு டேட்டா மட்டும் வரட்டும். இந்தக் கவுண்டர் விழும் விளிம்பில் எண்ணும் என்பதால் எல்ஆர் கிளாக்கும் பிட் கிளாக் விழும்போதுதான் மாறும், ஐ2எஸ் எதிர்பார்ப்பதும் அதையேதான்.

கவுண்டருக்கு 3.3 வோல்ட் மட்டும். 5 வோல்ட்டில் ஓட்டினால் பையின் பின்கள் தாங்காது.

கம்பி மாட்டுவதற்கு முன் பையின் டிரைவர் அமைப்பை மாற்றுங்கள், கிளாக் கொடுப்பது கோடெக் (இங்கே டிஏசி) பக்கம் என்று சொல்லும் ஓவர்லே, அதாவது பையின் வன்பொருள் அமைப்புக் கோப்பு, வேண்டும். பழைய அமைப்பிலேயே விட்டுவிட்டு மாட்டினால் 12-ஆம் பின்னில் பையும் கவுண்டரும் மோதும். மறுபடி ஆரம்பத்தில் ஓம்விதி சொன்ன அதே மல்லுக்கட்டு.

ஓம்விதி

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். அல்சாவில் (லினக்ஸின் ஒலி அமைப்பு) எல்லாவற்றையும் 32 பிட்டாக மாற்றியே அனுப்புங்கள். பை தானே மாஸ்டராக இருக்கும்போது 16 பிட் கோப்பை அப்படியே ஓட்டினால் பிட் கிளாக் 32 மடங்குக்கு இறங்கிவிடும், 24 பிட் ஐ2எஸ்ஸுக்கு அமைத்த டிஏசிக்கு அது போதாது. இப்போது 64 மடங்கு வெளியிலிருந்து வருகிறது, அளவு பொருந்தினால் தலைவலி இல்லை. 44.1 பாட்டுகளை மென்பொருளில் 48-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் ஃபில்டர் ப்ரோகிராம் எப்படியும் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

கம்பிக்காரன்

கவுண்டர் போட்டாயிற்று. டிக் முழுதாகப் போய்விட்டது, ஒன்றுகூட இல்லை. ஆனால் இப்போது வேறு கூத்து. பாட்டு அடையாளம் தெரிகிறது, ஆனால் துணியைக் கிழிப்பது போல மேலே ஒரு சத்தம். வால்யூமை மென்பொருளில் குறைத்தால் பாட்டு குறைகிறது, கிழிசல் அப்படியே இருக்கிறது. இடது வலதும் மாறியிருக்கிறது. ஜம்பர்களைச் சரி பார்க்கும்போது ஃபார்மட் ஸ்விட்சையும் போர்டு கையேட்டில் ஆப்டிகலுக்கு எழுதியிருந்தபடி வைத்தேன்.

நாலாவது கால்

கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. ரிசீவர் சிப்பை லெஃப்ட் ஜஸ்டிஃபைட் என்ற இன்னொரு ஃபார்மட்டில் அமைத்திருப்பார்கள், டிஏசியும் அதற்கேற்ப நிற்கிறது. நீங்கள் அனுப்புவது ஐ2எஸ்.

இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே. ஐ2எஸ்ஸில் எல்ஆர் கிளாக் தாழ்ந்திருந்தால் இடது, லெஃப்ட் ஜஸ்டிஃபைடில் உயர்ந்திருந்தால் இடது. அதனால் சேனல் மாறியது. அடுத்து, ஐ2எஸ்ஸில் எல்ஆர் மாறிய பிறகு ஒரு பிட் கிளாக் தள்ளித்தான் முதல் பிட் வரும், மற்றதில் உடனே வரும். இப்போது உங்கள் டிஏசி ஒரு பிட் முன்னாடியே வாசிக்க ஆரம்பிக்கிறது. முன் சேனலின் கடைசி பிட்டை, அது காலி இடம் என்பதால் பூஜ்யம், குறியீட்டு பிட்டாக (பிளஸ்ஸா மைனஸா என்று சொல்லும் பிட்) எடுத்துக்கொள்கிறது. உண்மையான குறியீட்டு பிட் அதற்கு அடுத்த இடத்தில் மதிப்பாக உட்காருகிறது. நேர்மறை மதிப்பெல்லாம் பாதியாகும், பரவாயில்லை. பூஜ்யத்துக்குச் சற்றே கீழே இருக்கும் எதிர்மறை மதிப்போ ஏறக்குறைய உச்ச நேர்மறைக்குப் போய் நிற்கும். அலை பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கும் உச்சிக்கும் இடையே ஒரு குதி. அலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குதியின் உயரம் மாறாது, அதனால்தான் வால்யூமைக் குறைத்தும் கிழிசல் குறையவில்லை.

எதிர்த் திசையில் பிசகினால், அதாவது லெஃப்ட் ஜஸ்டிஃபைட் அனுப்பி டிஏசி ஐ2எஸ்ஸில் இருந்தால், அது இன்னும் ஏமாற்றும். குறியீட்டு பிட் தொலைந்துபோய் மதிப்பு இரட்டிப்பாகும். மெல்லிய இடங்கள் 6 டெசிபல் கூடுதலாக, சுத்தமாகவே கேட்கும். பாட்டு உரக்கப் போகும்போது மட்டும் சிதறும். அனலாக் பகுதிதான் கிளிப் ஆகிறது என்று ஆப்ஆம்ப்பை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

கம்பிக்காரன்

ஸ்விட்சை ஐ2எஸ்ஸுக்குத் தள்ளினேன், இடது வலது சரியானது, கிழிசல் போயிற்று. பாட்டு பிரமாதம்.

ஒரே ஒரு சில்லறைத் தொல்லை. எப்போதாவது ஒரு டப். சீராக இல்லை, சில நேரம் ஒரு நிமிடம் முழுக்க இல்லை, சில நேரம் அடுத்தடுத்து இரண்டு. பிட் கிளாக்கில் என்ன நடக்கிறது என்று ஸ்கோப் புரோபை வைத்தால் டப் வரவே மாட்டேன் என்கிறது. புரோபை எடுத்தால் வருகிறது. இது என்ன மாயம்?

ஓம்விதி

மாயமில்லை, கம்பி. 20 சென்டிமீட்டர் தளர்ந்த ஜம்பர் வயர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிரவுண்ட் கம்பி என்று ஊகிக்கிறேன். பிட் கிளாக் 3 மெகாஹெர்ட்ஸ்தானே, இதற்கெல்லாம் கம்பி கவலை எதற்கு என்று தோன்றும். முக்கியம் அலைவேகம் இல்லை, விளிம்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது. சில நானோசெகண்டில் ஏறும் விளிம்பு கம்பியின் கடைசியில் முட்டித் திரும்பி அலைக்கழியும், அந்த அலைச்சல் நடு வோல்டேஜைத் தாண்டிவிட்டால் டிஏசி ஒரு விளிம்பை இரண்டாக எண்ணும். ஒரு பிட் கூடுதல், அந்த ஃப்ரேம் (ஒரு இடது வலது ஜோடி) கெட்டது, டப். புரோபின் பத்துச் சொச்சம் பிகோஃபேரட் விளிம்பைச் சற்று மழுக்குகிறது, கோளாறு ஒளிந்துகொள்கிறது. புரோப் வைத்தால் சரியாகும் கோளாறு என்றாலே முதலில் விளிம்பைச் சந்தேகப்படுங்கள்.

ஒவ்வொரு கிளாக் கம்பியிலும் கிளம்பும் இடத்தில், அதாவது கவுண்டர் மற்றும் ஆஸிலேட்டரின் காலுக்கு ஒட்டி, 33 ஓம் ரெசிஸ்டர் தொடராகப் போடுங்கள். சேரும் இடத்தில் போட்டால் பயனில்லை. போர்டுக்கும் பைக்கும் ஒரே காலிலிருந்து பிரிகிறது என்பதால் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ரெசிஸ்டர். கம்பிகளை 10 சென்டிமீட்டருக்குள் சுருக்கி ஒவ்வொன்றோடும் ஒரு கிரவுண்ட் கம்பியைச் சேர்த்து முறுக்குங்கள். ரிப்பன் கேபிள் இருந்தால் சிக்னல், கிரவுண்ட், சிக்னல், கிரவுண்ட் என்று மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் சுலபம். உங்கள் 10 பின் ஹெடரில் ஒரு வரிசை முழுக்க கிரவுண்டாக இருக்க வாய்ப்புண்டு, அது அலங்காரத்துக்கு இல்லை.

அப்புறம் ஸ்கோப் பார்க்கும்போது புரோபின் நீளமான முதலைக் கிளிப்பைக் கிரவுண்டாக வைத்து இந்த விளிம்புகளை அளக்காதீர்கள், அந்த வயரே அலையைக் காட்டும், உங்கள் சர்க்யூட்டில் இல்லாததையெல்லாம் பார்ப்பீர்கள். முனையில் மாட்டும் சிறு ஸ்பிரிங் கிரவுண்ட் இருக்கும், அதை எடுங்கள்.

கம்பிக்காரன்

ஊகம் சரி, ஒரே கிரவுண்ட்தான் இருந்தது. ஹெடரின் ஒரு வரிசை முழுக்க கிரவுண்ட் என்பதும் சரி. ரிப்பன் கேபிள், 33 ஓம் எல்லாம் போட்டேன். இரவு முழுக்கச் சைன் அலையை ஓடவிட்டு வெளியீட்டை ரெகார்ட் செய்து பார்த்தேன், ஒரு டப் கூட இல்லை.

கடைசிக் கேள்வி, இதே அமைப்பை 96 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக முடியுமா? கவுண்டரில் ஒரு கட்டம் முன்னால் எடுத்தால் போதும்தானே?

நாலாவது கால்

கணக்குப்படி போதும், முதல் கட்டம் 6.144 பிட் கிளாக், ஏழாம் கட்டம் 96 கிலோஹெர்ட்ஸ். மாஸ்டர் கிளாக் அப்போது 128 மடங்கு ஆகிறது, அந்த வேகத்துக்கு உங்கள் சிப் அதை ஏற்குமா என்று டேட்டாஷீட் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடிக்கும் இடம் வேறு. இந்தக் கவுண்டர் ஒவ்வொரு கட்டமாக உருண்டு போகும் வகை. பிட் கிளாக்குக்கும் எல்ஆர் கிளாக்குக்கும் நடுவே ஆறு கட்டம், கட்டத்துக்குப் பத்து நானோசெகண்ட் வாக்கில் என்றால் அறுபது எழுபது தாமதம். 48-இல் பிட் கிளாக்கின் அரைச் சுற்று 163 நானோசெகண்ட், தாராளம். 96-இல் அது 81. நெருக்கடி. ஒரு நாள் ஓடும், மறுநாள் வெயில் ஏறினால் ஓடாது. எல்ஆர் கிளாக்கை ஒரு டி ஃபிளிப்ஃப்ளாப் (கிளாக் தட்டும்போது மட்டும் உள்ளீட்டை வெளியே விடும் சர்க்யூட்) வழியாக விட்டு, தலைகீழாக்கிய பிட் கிளாக்கால் அதைத் தட்டுங்கள். ஒரு பிட் தள்ளி வரும், ஆனால் விளிம்போடு கச்சிதமாக ஒட்டி வரும், பையும் டிஏசியும் ஒரே எல்ஆர் கிளாக்கைப் பார்ப்பதால் அந்த ஒரு பிட் யாருக்கும் தெரியாது.

192 என்றால் இந்தக் கவுண்டரை மறந்துவிடுங்கள். அங்கே 22.5792, 24.576 என்று இரண்டு ஆஸிலேட்டரும் மாஸ்டர் கிளாக் வெளியீடும் உள்ள யுஎஸ்பி ஐ2எஸ் அட்டை ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் நேரத்துக்கு நல்லது, 44.1 தொல்லையும் அதோடு தீரும். இரண்டு டிஏசி போர்டுக்கும் அந்த அட்டையின் கிளாக்கையே பஃபர் வைத்துப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் நாலு சேனல் அனுப்பும் அட்டையா என்று பார்த்து வாங்குங்கள், ரெண்டு சேனல் மட்டும் தருபவைதான் அதிகம்.

கம்பிக்காரன்

பையிலும் நாலு சேனல் பிரச்சினை இருக்கிறது, ஒரே டேட்டா பின்தான். பை 5-இல் கூடுதல் டேட்டா பின்கள் உண்டு என்கிறார்கள், அதைப் படித்துவிட்டு இரண்டாவது போர்டு வந்ததும் தனி இழை தொடங்குகிறேன். இப்போதைக்கு 48-லேயே இருக்கட்டும்.